தலையாட்டும் மாடு

மருதங்காட்டு அரண்மனையில் திருடரைக் காட்டிக்கொடுக்க ஒரு மாடு இருந்தது. வரிசையாக உட்கார்ந்தவர்கள் முன்னால் மந்திரி வேதாசலம் அதை நடத்திச் செல்வார். யார் முன்னால் தலையாட்டுகிறதோ, அவருக்குத் தூக்கு.

அரசியின் ஒட்டியாணம் காணாமல் போன அன்று, துணி வெளுக்கும் பேச்சி முன்னால் அது தலையாட்டியது.

"கடைசியாக ஏதாவது சொல்கிறாயா?" என்றார் ராஜா.

"மாடு இன்னும் மூன்று தடவை சொல்லட்டும், சாமி. மந்திரி ஐயா வெளியே போனதும் எங்கள் எல்லோரையும் ஒரே மாதிரி சாக்கால் மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றுங்கள். பிறகு ஐயா உள்ளே வரட்டும்."

மந்திரியின் முகம் சுண்டியது. "நான் வெறும் கயிறுதான் பிடிக்கிறேன்" என்று எப்போதும் சொல்லிவந்தவர் அவர். மறுக்க வழியில்லை.

முதல் தடவை மாடு கிழட்டுச் சமையல்காரர் முன்னால் தலையாட்டியது. இரண்டாவது தடவை, திருட்டு நடந்தபோது ஊரிலேயே இல்லாத காவலாளி முன்னால். மூன்றாவது தடவை அது தலையாட்டிய சாக்கை விலக்கினால், உள்ளே ராஜாவே உட்கார்ந்திருந்தார். மந்திரியின் விரல் கயிற்றைச் சுண்டியதைச் சாக்கின் ஓட்டை வழியே அவர் பார்த்துவிட்டார்.

மந்திரியைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"போன ஆடியில் இந்த மாடு என் புருஷன் முன்னால் தலையாட்டியது, சாமி" என்றாள் பேச்சி. "அன்றைக்கும் இந்தச் சாக்குகள் உங்கள் கிடங்கில்தான் கிடந்தன."