தேர்ச் சக்கரத்தடியில் ஜெர்மானியர்

விடிந்ததும் திருப்புன்னைக்கரைக் கோயிலின் கீழவாசலைப் பெருக்குபவர் எர்மான் ரைமர். ஜெர்மனி தேசத்தில் கணிதமும் பௌதிகமும் போதித்த பண்டிதர். கிரகணத்தை அளக்க வந்த இடத்தில், தேரில் பவனி வந்த புன்னைநாதரைக் கண்டார். அப்புறம் கப்பல் ஏறவேயில்லை. பிறதேசத்தவர் என்பதால் கோயிலுக்குள் அனுமதி கிடையாது. ஆண்டுக்கு ஒரு நாள் சுவாமி தேரேறி வீதிக்கு வரும்போது மட்டுமே அவருக்குத் தரிசனம். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் துடைப்பம் பிடித்தார்.

ஊருக்கோ அவர்மேல் தீராத சந்தேகம். பெருக்கி முடித்ததும் நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தேரை அளப்பார். வாய்க்குள் எண்களை முணுமுணுப்பார். சூனியம் வைக்கிறார் என்றார்கள் சிலர். கோயில் மணியக்காரர் தாண்டவமூர்த்திப் பிள்ளைக்கு அவர் ஆங்கிலேயக் கும்பினியின் வேவுக்காரர்தான். ஒருநாள் துடைப்பத்தைப் பிரித்தே பார்த்துவிட்டார் பிள்ளை. உள்ளே ஈர்க்குச்சிதான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது!

அந்த ஆண்டு தேரின் உயரத்தைக் கூட்டப் புதிதாக ஒரு அடுக்குத் தட்டு ஏற்றினார்கள். ரைமர் அளந்து பார்த்தார். பதறிப்போய்ப் பிள்ளையிடம் ஓடினார்.

"ஐயா, உச்சியில பாரம் கூடிப்போச்சு. வீதி திரும்புற அக்கினி மூலையில தரை சரிவு. திரும்பும்போது தேர் சாஞ்சிடும். அந்தத் தட்டை இறக்கிடுங்க."

"தேரை நிறுத்தத்தான் இத்தனை நாளா வாசல் பெருக்குனியா? தேரன்னைக்கு நாலு வீதியிலயும் உன் காலடி படக்கூடாது!"

ஓராண்டு காத்திருந்த தரிசனம் போயிற்று. ரைமர் கைகூப்பி, "உத்தரவு" என்றார். அந்தப் பணிவும் பிள்ளைக்கு நடிப்பாகவே பட்டது.

தேரன்று ரைமர் அக்கினி மூலையருகே ஒரு சந்துக்குள் ஒதுங்கி நின்றார். தேர் திரும்பியது. தலையை நிமிர்த்தினால் சுவாமி முகம் தெரியும். அந்த நேரம் பார்த்து இடச் சக்கரம் பள்ளத்தை நோக்கி உருள, உச்சி சாய்ந்தது. கூட்டம் அலறியது. ரைமர் மேலே பார்க்கவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போடும் சொக்கப்பன் கையிலிருந்த முட்டுக்கட்டையைப் பறித்து, பள்ளத்தின் விளிம்பில் செருகி, முகம் மண்ணில் புதைய விழுந்தார். தேர் குலுங்கி நின்றது.

"புடிங்கடா அவனை! தேரை நிறுத்திட்டான்!" என்று ஓடிவந்தார் பிள்ளை.

சொக்கப்பன் குறுக்கே விழுந்தார். "நிறுத்தலைன்னா இந்நேரம் ஜனத்து மேல கிடந்திருக்குங்க ஐயா!"

அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள். சுவாமியின் செவ்வந்தி மாலை ரைமரின் கழுத்தில் கிடந்தது. பிள்ளை அதையும் விடவில்லை, தேர்மேல் இருந்த குருக்களை அண்ணாந்து பார்த்து, "சரியா கட்டாம விட்டீரா சாமி?" என்றார்.

குருக்கள் சுவாமியின் தோளைத் தடவிப் பார்த்தார். "மூணு முடிச்சு போட்டுக் கட்டினேன், ஓய். நாரும் முடிச்சும் இங்கேயே இருக்கு, அவிழலை. மாலை மட்டும் அங்கே இருக்கு."

பிள்ளை மண்ணில் மண்டியிட்டு ரைமரைத் தூக்கினார். "நிமிந்து பாருங்க, சாமி" என்றார் அழுதபடி.

ரைமர் நிமிர்ந்தார். புன்னைநாதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரே சந்தேகித்தும் ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாத அந்த அடியாரின் பாதத்தூசி நம் தலைமேல் இருக்கட்டும்.