ஒரு துண்டு கருவாடு

மாசிலாமணியின் தாத்தா ராக்கப்பன் இறந்தபோது யாரும் அழவில்லை.

தொண்ணூறைத் தாண்டிய உயிர். பேரன் எடுத்து, கொள்ளுப்பேரன் எடுத்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊர் அதைக் கல்யாணச் சாவு என்றது. வாசலில் பந்தல் போட்டார்கள். மேளம் வந்தது. கொள்ளுப்பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு பாடையைச் சுற்றி வந்தார்கள். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தாத்தாவின் பழைய குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாசிலாமணியும் அழவில்லை. அவருக்கே ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கல் சூளை வைத்திருந்தார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை வளர்த்தது தாத்தாதான். கொள்ளியும் மாசிலாமணிதான் வைத்தார். வந்தவர்களுக்குக் கைகூப்பி, போகிறவர்களுக்கு விடை கொடுத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்.

கருமாதி அன்று தாத்தாவுக்குப் படையல் போட்டார்கள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் அத்தை சமைத்திருந்தார். இலை நிறைய சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். வறுத்த துண்டுகளையும் ஓரத்தில் வைத்தார்.

"எங்கப்பாவுக்கு இதுன்னா உசிரு. வயிறார சாப்பிடட்டும்" என்றார் அத்தை.

மாசிலாமணி எழுந்து வெளியே போய்விட்டார். பந்திக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

ஊருக்கு மேற்கே, பெரிய பாறை ஒன்றின் அடியில் ஒரு குடில் இருந்தது. அதில் இருந்தவரைக் கல்லடிச் சாமி என்பார்கள். எந்த ஊர்க்காரர், என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. மாசிலாமணியைவிட ஏழெட்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார்.

பல வருஷமாக மாசிலாமணி தினமும் காலையில் அங்கே போவார். வாசலைக் கூட்டுவார், தண்ணீர் எடுத்து வைப்பார். சாமி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சூளைக்குப் போவார்.

கருமாதிக்கு மறுநாள் போனபோது சாமி கேட்டார்.

"காரியமெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி."

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

மாசிலாமணி துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"தாத்தாவுக்குக் கால் ரெண்டும் வீங்கியிருந்தது. உப்பு ஆகவே ஆகாதுன்னு வைத்தியர் சொல்லிட்டார். ஒரு வருஷமா உப்பில்லாத கஞ்சிதான். நான்தான் ஊட்டுவேன். ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை."

"ம்."

"அவர் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுல யாரோ கருவாடு சுட்டாங்க. வாசம் வந்துச்சு. 'டேய் மணி, எனக்கு ஒரு துண்டு சுட்டுக் கொடுடா'ன்னார்."

"நீங்க?"

"'இந்த வயசுலயும் நாக்கு அடங்கலையா உனக்கு'ன்னு கத்திட்டேன்."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"'சரிடா'ன்னார். சிரிச்சுக்கிட்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். விடிஞ்சதும் எழுப்பப் போனேன். உடம்பு சில்லுன்னு இருந்துச்சு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார். அதான் சாமி தாங்க முடியலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை."

பாறையின் மேல் இரண்டு மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவை பறந்து போகும்வரை மாசிலாமணி அவற்றையே பார்த்தார்.

"பிறந்தவங்க போயித்தான் ஆகணும்னு நீங்க எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கேன். அது புரியுது. தாத்தா செத்ததை நான் ஏத்துக்கிட்டேன். அந்த ஒரு துண்டைத்தான் ஏத்துக்க முடியலை. உயிரோட கேட்டப்ப இல்லைன்னுட்டு, செத்த பிறகு இலை நிறையப் படைக்கிறோம். இது என்ன சாமி?"

சாமி கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏதாவது பரிகாரம் சொல்லுங்க. நானும் உப்பை விட்டுட்டேன்."

"என்னைக்கிலேர்ந்து?"

"அவர் போன அன்னைக்கிலேர்ந்து."

"சரி. நாளைக்கு வாங்க" என்றார் சாமி. வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. மாசிலாமணி கூட்டினார், தண்ணீர் எடுத்து வைத்தார், உட்கார்ந்திருந்தார், எழுந்து போனார்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பாறை வழியே தண்ணீர் கசிந்து குடில் முழுக்க ஈரமானது. சாமிக்கு இருமல் வந்தது. மாசிலாமணி போய் வைத்தியரைக் கூட்டி வந்தார். தாத்தாவைப் பார்த்த அதே வைத்தியர்தான். சாமியின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். கஷாயம் கொடுத்தார்.

போகும்போது மாசிலாமணியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"நெஞ்சு முழுக்கச் சளி. வெந்நீர் மட்டும் கொடுங்க. மோர், தயிர் பக்கத்துலயே வரக்கூடாது. சாமி எதையும் காதுல போட்டுக்க மாட்டார். நீங்கதான் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கறேங்க."

அன்று மதியம் சாமி கூப்பிட்டார்.

"மாசிலாமணி, ஒரு சொம்பு மோர் கிடைக்குமா?"

மாசிலாமணி ஒரு கணம் நின்றார். வாயைத் திறந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே போய், அடுத்த தெருவில் ஒரு வீட்டில் மோர் வாங்கி வந்தார். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

சாமி முழுவதையும் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கண்டது. மறுநாள் சாமியால் எழுந்து உட்கார முடியவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சில் கர்கர்ரென்று சத்தம் வந்தது. மாசிலாமணி சூளையை மறந்தார். வெந்நீர் வைத்தார், நெற்றியில் பற்றுப் போட்டார், சாமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கஷாயம் ஊட்டினார்.

வைத்தியர் வந்தார். நாடியைப் பிடித்த உடனே நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன குடிச்சார்?"

"மோர்."

"யார் கொடுத்தது?"

"நான்தான்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா."

"சாமி கேட்டாங்க."

"கேட்டா? விஷத்தைக் கேட்டாலும் கொடுப்பீரா?"

வைத்தியர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, இனிமேல் நம் கையில் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

விஷயம் பரவி ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று கும்பிட்டார்கள். பூ வைத்தார்கள், பழம் வைத்தார்கள். மாசிலாமணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. அங்கே கொடுக்கவில்லை, ஒருவர் போனார். இங்கே கொடுத்தேன், இன்னொருவர் போகப் போகிறார். எதைச் செய்தாலும் என் கையால்தானா? இதையே நினைத்துக்கொண்டு அடுப்பை ஊதினார்.

சாமி போகவில்லை. மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. மழை வெறித்து முதல் வெயில் அடித்த காலையில், பாறையில் சாய்ந்து உட்கார முடிந்தது. குரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. பேசியது காற்று மாதிரி வந்தது. மாசிலாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏன் மோர் கொடுத்தீங்க?" என்றார் சாமி.

"நீங்க கேட்டீங்க."

"எனக்கு ஆகாதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உங்களைப் போய் எப்படி சாமி மறுக்கிறது?"

"உங்க தாத்தாவை மறுத்தீங்களே."

"அவரு என் தாத்தா!"

குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. சாமியிடம் தான் இப்படிக் கத்தியது இதுவே முதல் தடவை என்பது மாசிலாமணிக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

"அவரு என் தாத்தா" என்றார் மறுபடி, தணிந்த குரலில். "எல்லாரும் வயசாச்சு, வயசாச்சுன்னாங்க. எனக்கு அவரு இன்னும் ஒரு வருஷம் இருக்கணும். இருக்கணும்னுதான் கத்தினேன். வேற எதுக்குக் கத்தப்போறேன்?"

பந்தலிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை அப்போது வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சாமி அவரைத் தொடவுமில்லை, தேற்றவுமில்லை. வெயில் பாறையில் ஏறிக்கொண்டிருந்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணி கேட்டார்.

"அப்ப நான் செஞ்சது சரிதானா சாமி?"

"ஒரு துண்டு கொடுத்திருக்கலாம்."

மாசிலாமணி தலை குனிந்தார். சாமி கொஞ்சம் இருமினார். இருமல் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

பிறகு சாமி சொன்னார்.

"இந்த வாசல்ல எத்தனை பேர் வந்து விழுந்து கும்பிடுறாங்க. அந்தச் சொம்பை என் கையிலேர்ந்து பிடுங்க ஒருத்தர் இல்லை. உங்க தாத்தாவுக்கு அப்படி ஒருத்தர் இருந்தார்."