ஆச்சியின் லேடீஸ் வாட்ச்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் சங்கரவடிவு. ஒருநாள் கட்டடத்தின் சொந்தக்காரர் ஆவுடையப்பன் காரில் வந்து இறங்கினார். நாலு பேர் பார்க்க, சாவி கொடுக்கிற சின்ன லேடீஸ் வாட்ச் ஒன்றை அவள் மேஜைமேல் வைத்தார்.

"எங்க பூட்டிக்கு வெள்ளைக்கார கலெக்டர் சம்சாரம் குடுத்தது. கண்காட்சியில வைக்கணும். எந்த வருஷத்து வாட்ச்னு சரியா எழுதிக் குடு. ஆனா மூடியைத் திறக்கப்படாது. முடியலன்னா கடையைக் காலி பண்ணிரு."

வடிவு லென்ஸ் வைத்துப் பார்த்தாள். டயலைப் பார்த்தால் அவ்வளவு பழசாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது, காருக்குள் இருந்த அவருடைய அம்மா உலகம்மாள் அந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"திறக்காமலே சொல்லிருதேன் அண்ணாச்சி" என்று எழுந்து கார் பக்கம் போனாள். "ஆச்சி, இது எந்த வருஷத்து வாட்ச்?"

"அறுபத்திரண்டு. டெலிபோன் ஆபீஸ்ல வாங்கின முதல் சம்பளத்துல நானே வாங்கினது. அப்போ புது மாடல்லா!"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது.

"யார் பேரை எழுதட்டும் அண்ணாச்சி? கலெக்டர் சம்சாரம் பேரையா, ஆச்சி பேரையா?"

"அம்மா பேரையே எழுது" என்றார் மெதுவாக.

வடிவு சாவி கொடுத்து, வாட்சை உலகம்மாள் கையில் கட்டிவிட்டாள். ஆச்சி அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"வெளியூருக்குப் பேசுற ட்ரங்க் கால் மூணு நிமிஷம் ஆனதும் இதைப் பாத்து லைனை வெட்டணும். மெட்ராஸ்ல இருக்க மகன்கிட்ட எந்த அம்மாவாவது பேசினா, நான் வாட்சைப் பாக்கவே மாட்டேன்."