போனுக்குள் இருந்த அசல் வேலாத்தாள்

ஓலப்பதி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்ற வேலாத்தாளுக்கு எதிரி ஒரே ஒருத்தர்தான். ஆதரவாளர்கள் மூன்று பேர். அவள் பட்ட பாட்டில் எதிரியின் பங்கு கொஞ்சம். மிச்சமெல்லாம் ஆதரவாளர்களின் உழைப்பு.

நாச்சிமுத்து, மாரப்பன், குழந்தையப்பன் என்ற அந்த மூவரும் தங்களுக்குத் தேர்தல் கமிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்துதான் தலைவன், ஏனென்றால் அவனிடம் பெரிய போன் இருந்தது. விசுவாசத்தில் மூவருக்கும் குறைவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கெடுதல். "யாரும் கிழிக்க முடியாத எடமாப் பார்த்து நோட்டீஸ் ஒட்டுங்கப்பா" என்று வேலாத்தாள் ஒருமுறை சொல்லிவிட்டாள். மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கி உள்சுவரில் ஒட்டிவிட்டு வந்தார்கள். "ஒரு வீடு விடாம ஓட்டுக் கேளுங்க" என்றாள். பூட்டிக்கிடந்த வீட்டு வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் துபாயில் இருந்தார்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு வேலாத்தாள் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஊர்க் குளம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த குளத்தை, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தூர்வார வைத்தவள் அவள். தண்ணீர் நின்ற முதல் வருஷம் கரையில் நின்று குழந்தை மாதிரி அழுதாள். எதிர்த்து நின்ற ராக்கியண்ணனுக்கும் அந்தக் குளத்தின் மேல் ஒரு கண். ஆனால் அவருக்கு அது தண்ணீராகத் தெரியவில்லை, வீட்டுமனையாகத் தெரிந்தது.

ஓட்டுப்பதிவு நெருங்கிய சமயத்தில் ஊரில் எல்லார் போனுக்கும் ஒரு வீடியோ வந்தது. வேலாத்தாளின் முகம், வேலாத்தாளின் குரல், அவள் கட்டும் அதே சுங்குடிச் சேலை. "நான் ஜெயிச்சா குளத்தைத் தண்ணிக் கம்பெனிக்கு வித்துருவேன். என்ன பண்ணுவீங்க?" என்று கையை வீசிக் கேட்டது வீடியோ.

வேலாத்தாளும் பார்த்தாள். அவள் சொல்லவே சொல்லாத வார்த்தை, ஆனால் சொல்வது அவள். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. வீடியோவில் இருந்தவளுக்கு வலது கையில் ஐந்து விரல் இருந்தது. வேலாத்தாளின் வலது சுண்டுவிரலைக் கரும்பு ஆலை ஒன்று எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஊரில் இது தெரியாத ஆளே கிடையாது.

அன்று சாயங்காலமே போலி வீடியோ பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த ஒரு அதிகாரி வந்து சேர்ந்தது, சாமி கொடுத்த வரம் என்று நினைத்தாள். அதிகாரி நல்லவர், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "கண்ணு சிமிட்டுதான்னு பாருங்க. விரலை எண்ணுங்க, அஞ்சு இல்லாட்டி போலி. எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிங்க. சந்தேகம்னா அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க, உடனே அழிச்சிடுங்க." கமிட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டது.

மறுநாள் காலையில் மூவரும் வேலாத்தாள் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான் நாச்சிமுத்து.

பரவாயில்லை, இவனுகளுக்கும் மூளை வேலை செய்கிறது என்று வேலாத்தாள் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். மூவரும் மாற்றி மாற்றி எண்ணினார்கள்.

"நாலுங்ணா."

"எனக்கும் நாலுதானுங்ணா வருது."

"வீடியோவுல?"

"சுளையா அஞ்சுங்ணா."

"பார்த்தீங்களாடா!" என்றாள் வேலாத்தாள்.

"பார்த்துட்டோமுங்க" என்று நாச்சிமுத்து பெருமூச்சு விட்டான். "நீங்கதானுங்க போலி."

வேலாத்தாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அட கூறு கெட்டவனே! ஆலையில கை மாட்டினப்ப என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீதானேடா?"

"நான் தூக்கிட்டு ஓடினது எங்க அக்காளைங்க. அதுக்கும் உங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"

வேலாத்தாள் கோபத்தில் இமைகொட்டாமல் முறைத்தாள். "கண்ணும் சிமிட்டலீங்ணா" என்று குழந்தையப்பன் மெதுவாக அடுத்த விதியையும் முடித்து வைத்தான்.

இருந்தாலும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று, எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரித்தார்கள். வேலாத்தாள் பிறந்த ஊருக்கு ஒரே மொபெட்டில் மூவரும் போய் அவளுடைய அண்ணனைப் பிடித்தார்கள்.

"ஏனுங், உங்க தங்கச்சி பொறந்தப்ப கையில எத்தனை விரலுங்க?"

அவர் பாவம், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவர். "எல்லாருக்கும் இருக்கிற மாதிரி அஞ்சு விரலும் நல்லாத்தான் இருந்துச்சு. ஏன், இப்ப என்னாச்சு?" என்றார்.

அதற்குமேல் சாட்சி வேண்டுமா? திரும்பி வந்து புளியமரத்தடியில் கமிட்டி கூடியது.

"அழிச்சிடச் சொல்லியிருக்காருங்ணா" என்றான் மாரப்பன்.

"பொம்பளைய அழிக்கறது பாவமில்லையா?"

"நம்ம இஷ்டத்துக்கா செய்யறோம்? அரசாங்கம் சொல்லுதுங்ணா."

"எதால அழிக்கறதுன்னு சொல்லலையே."

"பள்ளிக்கூடத்துல பலகையை எதால அழிச்சோம்? அதாலதான்."

ஈரத்துணியோடு போய் வேலாத்தாளின் முகத்தை அழுத்தித் துடைத்துப் பார்த்தார்கள். பவுடர்தான் போனது, முகம் அப்படியே இருந்தது. அந்தத் துணியைப் பிடுங்கி வேலாத்தாள் அவர்களுக்குக் கொடுத்ததை இங்கே சொல்லவேண்டியதில்லை. அழிக்க முடியாது என்று தெரிந்ததும் அடுத்தவர்களுக்கு அனுப்பாமலாவது இருப்போம் என்று, தெருமுனைக்கு ஒருவராகக் காவல் நின்றார்கள். அவள் ஓட்டுக் கேட்கக் கிளம்பினால் கைகூப்பி மறித்தார்கள். "மன்னிச்சுக்கோங்க, உங்களை அடுத்த தெருவுக்கு அனுப்பறதுக்கில்லைங்க."

ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "சிரிக்கிறது இருக்கட்டும், எதுக்கும் கையைக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

ராக்கியண்ணன் இதையெல்லாம் கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். காசு கொடுத்து அந்தப் போலி வீடியோவைச் செய்ய வைத்தவர் அவர்தான். சிரித்த கையோடு ஓட்டுக் கேட்க வந்தார். கமிட்டி அவர் கையையும் எண்ணியது. அவருக்குப் பிறவியிலேயே சுண்டுவிரலை ஒட்டி ஒரு குட்டி விரல் உண்டு.

"ஆறுங்ணா!"

மாரப்பன் நெடுநேரம் மனக்கணக்குப் போட்டான். "ரெண்டு பேர்த்தையும் கூட்டி ரெண்டால வகுத்தாச் சரியா அஞ்சு வருதுங்ணா. பண்ணினவன் ஒருத்தன்தான். ஒரு விரலை ஆள் மாத்தி வெச்சுட்டான்."

ராக்கியண்ணனும் அடுத்த தெருவுக்கு அனுப்பப்படவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

வேலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். தான் தான்தான் என்பதை ஒருத்தியால் எப்படி நிரூபிக்க முடியும்? ஆதார் அட்டையைக் காட்டினால், "படம் ஒட்டினதெல்லாம் செல்லாதுங்க" என்கிறார்கள். அழுகையாக வந்தது. குளம் போய்விடுமே என்று நினைத்தபோது அழுகை கோபமாக மாறியது. நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போனை எடுத்தாள். பதற்றத்தில் வீடியோ காலை அமுக்கிவிட்டாள்.

தெருமுனையில் நின்றிருந்த நாச்சிமுத்துவின் போனில் அவள் முகம் தெரிந்தது. அவன் மற்ற இருவரையும் கைகாட்டிக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"அக்கா! எங்க போயிட்டீங்கக்கா? இங்க உங்களாட்டவே ஒருத்தி திரிஞ்சு எங்க உசுரை எடுக்கறாளுங்க!"

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. வேலாத்தாள் கெட்டிக்காரி. "கையைக் காட்டுங்கக்கா" என்று பின்னால் நின்ற மாரப்பன் கேட்டபோது, இடது கையைக் காட்டினாள். ஐந்து விரல். கண்ணை வேண்டிய மட்டும் சிமிட்டினாள். குழந்தையப்பன் ஆனந்தத்தில் தேம்பினான்.

"கேளுங்கப்பா, குளத்தை விக்கப்போறேன்னு நான் சொல்லவே இல்லை. குளத்துல ஒரு பிடி மண்ணைக்கூட எவனும் தொட முடியாது."

கமிட்டி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆலோசித்தது.

"முந்தாநேத்து விப்பேன்னாங்க. இன்னிக்கு விக்க மாட்டேங்கறாங்க. ரெண்டும் போன்லதான் வந்துச்சு. எது நெசமுங்ணா?"

"ரெண்டுமே நெசந்தான். அக்கா பேச்சை மாத்திட்டாங்க" என்றான் நாச்சிமுத்து. அவன் முகத்தில் அப்படியொரு பெருமிதம். "இத்தனை நாளு சாதாரணப் பொம்பளையா இருந்தாங்க. இன்னிக்குத்தான் தலைவராயிட்டாங்க."

அன்றிலிருந்து பிரச்சாரம் பிய்த்துக்கொண்டு போனது. போனைத் தாம்பாளத்தில் வைத்து, மாலை போட்டு, தெருத்தெருவாக எடுத்துப்போனார்கள். வேலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்தபடி ஓட்டுக் கேட்டாள். போனுக்கு ஆரத்தி எடுத்த பெண்கள், "நேர்ல வர்ற பொம்பளையைவிட இந்தம்மா சிவப்பா, லட்சணமா இருக்குதே" என்றார்கள். வேலாத்தாள் ஜெயித்தாள்.

நேரில் போய்த்தான் பதவியேற்றாள். "அக்காளுக்கு வேலை இருக்கும், டூப்பை அனுப்பியிருக்காங்க" என்று கமிட்டி பெருந்தன்மையாகக் கைதட்டியது. ஆனால் ஊராட்சி ஆபீஸ் நாற்காலியில் உட்காரப் போனபோது விடவில்லை. அதில் நாச்சிமுத்துவின் போன் சார்ஜர் சகிதம் வீற்றிருந்தது. வேலாத்தாள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வீடியோ காலில் ஆட்சி நடத்தினாள். தெருவிளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. யாராவது அவளிடம் நேரில் மனுக் கொடுக்க வந்தால், "உள்ள தலைவர் இருக்காங்க, அவங்களைப் பாருங்க" என்று அவளே சொல்லப் பழகிக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் குளம் நிரம்பியது. மதகு திறக்கத் தலைவரை அழைத்துப்போனார்கள். "அக்கா, தண்ணி தெரியுதுங்களா?" என்று குழந்தையப்பன் கேட்டான். "தெரியலையே, இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றாள் வேலாத்தாள். கிட்டக் காட்டினான். "இன்னும் கொஞ்சம்" என்றாள். சொன்னபடியே செய்தான்.

தண்ணீரில் முங்கிய போனை, ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டெட்டுங்க. இனி எந்திரிக்காது" என்று கையை விரித்தார்.

விஷயம் புரியாமல் வேலாத்தாள் வீட்டிலிருந்து ஓடிவந்தபோது ஆபீஸ் வாசலில் ஊரே கூடியிருந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாழையிலையில் போனைக் கிடத்தி, தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். ராக்கியண்ணன்கூட ஒரு மாலையோடு வந்திருந்தார்.

"அட, நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினாள்.

"சாவு வீட்டுல வெளையாடாதீங்கம்மா" என்று மாரப்பன் கண்டித்தான்.

வேலாத்தாள் ஓரமாக உட்கார்ந்தாள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். தூர்ந்த குளத்தைத் தோண்டிய மகராசி என்றார்கள், ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கால் தேய்ந்தவள் என்றார்கள், எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த தாயே என்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவள் முகத்துக்கு நேராக இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எவ்வளவு நல்ல பொம்பளை, இப்படி அநியாயமாகப் போய்விட்டாளே என்று அவளும் வாய்விட்டு அழுதாள். அங்கே எல்லாரையும்விட அதிகமாக அழுதது அவள்தான்.

அடக்கம் முடிந்ததும் கமிட்டி மூலையில் கூடிக் கிசுகிசுத்தது.

"இடைத்தேர்தல் வருமுல்லங்ணா? யாரை நிறுத்தறது?"

"அனுதாப ஓட்டு நெறைய விழுகும். அக்கா சாடையில ஆரையாச்சும் நிறுத்தோணும்."

மூவரும் ஒன்றாகத் திரும்பி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த வேலாத்தாளைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து பவ்யமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏனுங், நீங்க நிக்கறீங்களா? ஒரே ஒரு கண்டிசனுங்க. எங்க அக்காளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசக்கூடாது."

வேலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "அந்தக் குளத்துக்கு எதுவும் ஆகாம நான் பார்த்துக்கறேன்ப்பா."

குழந்தையப்பன் உருகிவிட்டான். "பேச்சுக்கூட அவங்க மாதிரியே இருக்குதுங்ணா!"

"இருக்கும், இருக்கும்" என்றான் நாச்சிமுத்து. "இருந்தாலும் எங்க அக்கா அளவுக்கு வராது."