நாரைகளிடம் போன தூதர்

ஏரிக்குள் நின்ற கடம்ப மரங்களை வெட்டினார்கள். அதுதான் தப்பு.

முன்னொரு காலத்தில் கீழ்வேலி நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒரு தை மாதம் ஏரியில் படகில் போனவரின் புதுத் தலைப்பாகையில் நாரை எச்சமிட்டது. துடைக்கும் பாக்கியம் கூடவே இருந்த மந்திரி சேனாவரையருக்குக் கிடைத்தது. துடைத்துக்கொண்டே, மரம் இருந்தால்தானே நாரை உட்காரும் என்றார் அவர். மறுநாளே கோடாரி இறங்கிவிட்டது.

கார்த்திகையில் நாரைகள் வந்தன. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றின. போய்விட்டன.

ராஜாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. குஞ்சுகளின் இரைச்சல் இல்லாமல் சோறு இறங்கவில்லை. யார் விரட்டியது என்று கேட்டார். மடை திறந்து மூடும் ஒச்சாயிதான் என்றார் சேனாவரையர். போன மழையில் கரை உடையும் என்று முன்கூட்டியே சொல்லி, அவள் ராஜாவிடம் பெயர் வாங்கியிருந்தாள். அது சேனாவரையருக்கு ஆறவே இல்லை.

விசாரணை எல்லாம் கிடையாது. பொங்கலுக்குள் நாரைகள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒச்சாயி ஊரைவிட்டுப் போக வேண்டும். அதுதான் உத்தரவு.

ஒச்சாயி அழவில்லை. "ஏன் போச்சுன்னு நாரையைத்தான் கேக்கணும் ராஜா. நான் கேட்டுச் சொன்னா சபை நம்பாது. பெரிய மனுசர் ஒருத்தர் தூதராப் போகணும். நம்ம சேனாவரையர் ஐயா மாதிரி."

தூதர் என்றதும் அவர் பட்டு உடுத்திக் கிளம்பிவிட்டார். நாரை இருந்த இடத்தில் இருந்தால்தான் அது பேசும் என்றாள் ஒச்சாயி. குடை கூடாது, மிரளுமாம். விடிந்ததும் நடு ஏரியில், தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரம் நின்ற வெட்டுக்கட்டையில் அவரை உட்காரவைத்துவிட்டுப் படகோடு திரும்பினாள்.

உச்சிவேளையில் ராஜாவை ஏற்றிக்கொண்டு அவளே போனாள். நாரை என்ன சொன்னது என்று ராஜா கேட்டார். தூதரின் பட்டு வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"நாரையாவது, ஒன்றாவது. ஒதுங்க நிழல் இல்லை, சாய ஒரு கிளை இல்லை. இந்த மொட்டைக் கட்டையில் எப்படிக் குடியிருப்பது மகாராஜா?"

ஒச்சாயி துடுப்பை நிறுத்தினாள். "அதையேதான் நாரையும் சொல்லிட்டுப் போச்சு. ஐயா ஒரு சொல் விடாமச் சொல்லிட்டார்."

ராஜா சுற்றி நின்ற வெட்டுக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பொங்கல் கெடுவை அங்கேயே நீக்கினார். உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார்.

"கட்டையில துளிர் விட்டிருக்கு. இனி இந்த ஏரியில கோடாரி இறங்கக் கூடாது. ராஜா சொன்னாலும்."

அவரிடம் அப்படிப் பேசியவர் கிடையாது. இருந்தும் ஒப்புக்கொண்டார். கோடையில் ஏரி வற்றும்போது ஆடுகள் துளிரைக் கடிக்காமல் காக்கும் வேலை சேனாவரையருக்கு.

நாலாவது வருஷம் கிளையெல்லாம் கூடு. படகில் போன ராஜாவின் தலைப்பாகையில் மறுபடியும் எச்சம் விழுந்தது. சேனாவரையர் கை நீட்டினார்.

"இருக்கட்டும் வரையரே. வந்துவிட்டோம் என்று சொல்கின்றன."

கரையிலுள்ள கல்லில் ராஜாவின் பெயரைத்தான் வெட்டி வைத்தார்கள். நாரைகளைத் திரும்பக் கொண்டுவந்தவள் மடைக்காரி ஒச்சாயி.