கவிழ்த்துக் காட்டிய குடம்

கையெல்லாம் புளியும் சாம்பலுமாக ஒரு புதுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பவளாயி. கொன்றையூர் நாட்டைச் சிங்கமுத்து ராசா ஆண்ட ரொம்பப் பழைய காலம் அது. அவர் அரண்மனையில் வெந்நீர் போடுவதும் பாத்திரம் தேய்ப்பதும் அவள் வேலை.

அன்றைக்கு ஏரித் தலைவர் தேர்தல். பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட வேண்டும். போன தடவை தலைவரான காத்தப்பன் மதகைச் சரியாகத் திறக்காமல், பவளாயியின் கடைமடை வயல் கருகிப்போனது. மறுபடியும் அவனே வந்தால் பிள்ளைக்குக் கூழும் இல்லை.

குடம் கொடுத்தவர் அரண்மனைக் காரியமெல்லாம் பார்க்கும் தானாபதி பொன்னுரங்கம், காத்தப்பனின் மச்சான். ஓலையை எண்ணுகிறவரும் அவரேதான். "வெளியே மட்டும் தேய் பிள்ளே. உள்ளே கையை விட்டே, தொலைச்சுடுவேன்!" என்று சொல்லிப் போயிருந்தார்.

பவளாயி விரலால் தட்டிப் பார்த்தாள். புதுக் குடம் டங்கென்று பேசுமே! இது தொண்டை கட்டினாற்போல மொத்தென்றது.

அவள் சிறுமியாய் இருந்தபோது ஓலை போட மண்பானைதான். தேர்தல் தொடங்குமுன் அதன் வாயை ஊரார் பக்கம் கவிழ்த்துத் தூக்கிப் பிடிப்பார்கள். "ஒண்ணுமில்லே!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து அவளும் கத்தியிருக்கிறாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

சபைக்குக் குடம் வந்ததும் ராசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் முகமே தெரியுது பாரும்! இதைச் சந்தேகப்படுறவன் தண்ணியோட தலையில சுமந்து ஊரை ஏழு சுற்று சுத்தணும்!"

பவளாயி முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "குடத்துல குறையில்லே மகாராசா. புதுக் குடத்துல முதல்ல தண்ணி ரொப்புறதுதானே வழக்கம்? உங்க முகம் தெரியிற குடமாச்சே..."

"அதானே! கொண்டு வா தண்ணி!"

பொன்னுரங்கம் பாய்ந்து வந்தார். "வேண்டாம் மகாராசா, ஓலை நனைஞ்சிடும்!"

"எந்த ஓலைய்யா? இன்னும் ஒருத்தரும் போடலியே?"

பவளாயி அடுப்பிலிருந்த வெந்நீரையே கொண்டுவந்து ஊற்றினாள். குடத்தின் கழுத்துக்குக் கீழே, உட்புறம் ஓலைகளை ஒட்டிவைத்திருந்த தேன்மெழுகு இளகியது. நீர் விளிம்புக்கு ஏற ஏற, ஓலைகள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வழிந்தன.

ராசா எடுத்துப் படித்தார். "காத்தப்பன்... காத்தப்பன்... இதுவும் காத்தப்பன். ஏன்யா, நாட்டுல வேற ஆளே பிறக்கலியா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராசா சொன்ன தண்டனை தானாபதிக்கே வாய்த்தது; அந்தக் குடத்தை நீரோடு சுமந்து ஏழு சுற்று முடித்து வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். பிறகு பவளாயி நீரைக் கொட்டிவிட்டு, குடத்தை ஊரார் பக்கம் கவிழ்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லே!" என்று கத்தினார்கள் பிள்ளைகள். பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பவளாயிக்குக் கண் கலங்கியது.

ராசா கழுத்து மாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இனி எல்லாத் தேர்தலுக்கும் இதுதான் முறை. வேற என்ன வேணும், சொல்லு பொண்ணே!"

"எனக்கென்ன சாமி, கடைமடைக்குத் தண்ணி வந்தாப் போதும். அப்புறம், ஓலையை எண்ணப்போறவங்களும் ஊரார் முன்னாடி முதல்ல ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி..."

"ஏ பவளாயி! உன் பிள்ளை முழிச்சு அழுவுறான், ஓடியா!" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.