நான்கு முட்டைகளும் பயம் தடுப்புச் சட்டமும்

காட்டு ஏரியின் கரையில் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் குடியிருந்தன. ஆணுக்கு நெட்டையன் என்று பெயர். கால் அப்படி. பெண்ணுக்குத் தெத்தி.

ஆள்காட்டிகளுக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். யாராவது கிட்டே வந்தால் 'டிட்டிட்டீ, டிட்டிட்டீ' என்று ஊரைக் கூட்டிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் மான் ஓடும், முயல் ஓடும். ஓடி முடித்த பிறகுதான் "என்னவாம்?" என்று விசாரிக்கும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தால் பிழைத்தவர்கள் அநேகம் பேர்.

அந்த வருஷம் தெத்தி நான்கு முட்டை இட்டிருந்தது. அப்போது பார்த்து மண்கிளறி என்கிற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு கரைக்கு வந்து சேர்ந்தது.

கரை முழுக்கக் கோரைப்புல். அடியில் கிழங்கு. கோரையின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பன்றிகளுக்கும் தெரியும். ஆனால் கிழங்கு ருசியாக இருந்ததே, என்ன செய்வது? மூக்கை நுழைத்து உழ ஆரம்பித்தன.

"யோவ், அது கரைய்யா. இப்படித் தோண்டினா ஒரு மழைக்குத் தாங்காது," என்றது நெட்டையன்.

"நகரு, நகரு. வளர்ச்சிப் பணி நடக்குது."

"யாரோட வளர்ச்சி?"

மண்கிளறி குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. "பார்த்தா தெரியலையா?"

நெட்டையனும் தெத்தியும் யோசித்தன. பன்றியைத் தள்ளவா முடியும்? அதன் மூக்குக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டன. உட்கார்ந்துகொண்டு கத்தின. வழக்கப்படி மான் ஓடியது, முயல் ஓடியது. பிறகு திரும்பி வந்து, "என்னவாம்?" என்று கேட்டன. குழிகளைப் பார்த்தன. பன்றிகளையும் பார்த்தன. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டம். அதற்கு மறுநாள் ஆமைகள்கூட வந்துவிட்டன. இத்தனை கண்கள் பார்க்கும்போது பன்றிகளுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

மண்கிளறி ஒரு கரையான் புற்றை வாயில் கவ்விக்கொண்டு ராஜாவிடம் போனது. அந்தக் காட்டுக்குக் கரடி ராஜா. அவருக்குக் கரையான் என்றால் உயிர். கரையைத் தோண்டும்போது கிடைக்கிற புற்றையெல்லாம் மண்கிளறிதான் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா, ரெண்டு குருவி வேலை செய்ய விட மாட்டேங்குது."

"குருவிதானே? ஊதித் தள்ளு."

"ஊதிப் பார்த்தாச்சு. மறுபடி வந்து உட்காருது. கத்துது. காடே வந்து வேடிக்கை பார்க்குது. இப்படியே போனா நாளைக்குப் புற்று வராது."

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். அமைச்சர் மயிலாரைத் திரும்பிப் பார்த்தார்.

மயிலார் முதலில் தோகையை விரித்தார். தோகை விரியாமல் அவருக்குப் பேச்சு வராது. "மன்னா, இதைச் சாதாரணக் கூச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. இவை கத்தினால் மான் பயப்படுகிறது. முயல் பயப்படுகிறது. நாட்டில் பயத்தை உண்டாக்குகிறவருக்கு என்ன பெயர்? பயங்கரவாதி!"

"ரெண்டுமேவா?"

"இரண்டுமே. இதில் வெளிநாட்டுச் சதியும் உண்டு. போன மார்கழியில் வலசை வந்த ஒரு வாத்தோடு இவை பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்."

"என்ன பேசிச்சு?"

"காதில் விழவில்லை, மன்னா. என் காதில் விழாமல் ஏன் பேச வேண்டும்? அங்கேதான் சந்தேகம்."

ராஜாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாயில் கரையான் இருக்கும்போது நிறைய விஷயங்கள் நியாயமாகப் படும்.

அன்றே பயம் தடுப்புச் சட்டம் வந்தது. மயிலார் ஒரு மேட்டில் ஏறி நின்று முழங்கினார்: "பிறர் ஓடும்படி கத்துகிறவர் பயங்கரவாதி. கத்தலைக் கேட்டு ஓடுகிறவர் பயங்கரவாதிக்குத் துணை. என்னவென்று திரும்பிப் பார்க்கிறவர் அனுதாபி. நான் பறவைகளுக்கு எதிரி அல்ல. நானே ஒரு பறவைதான். யாரும் போராடலாம், தாராளமாகப் போராடலாம். யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் கேட்காத குரலில் போராடினால் இந்த அரசு அதைத் தலைவணங்கி மதிக்கும்."

ஒரு ஆமை கழுத்தை நீட்டியது. "ஐயா, புலி வந்தா?"

"புலி வந்தால் அரசு முறைப்படி அறிவிக்கும்."

"அதுக்குள்ள புலி தின்னுட்டா?"

"அப்போது உங்களுக்கு அறிவிப்பு தேவைப்படாது."

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

சட்டத்தைக் காக்கும் பொறுப்பு செந்நாய்ப் படைக்கு. தலைவன் பெயர் செம்பட்டை. ரொம்பக் கண்டிப்பானது. சொன்னதைச் செய்யும். சொன்னது ஏன் என்று மட்டும் கேட்காது. படையோடு போய் நெட்டையனைச் சுற்றி வளைத்தது.

"எதுக்குடா கத்தினே?"

"கரை போகப்போகுது."

"அதைக் கேட்டா எல்லாரும் பயப்பட மாட்டாங்களா?"

"பயப்படணும்னுதானே கத்தினேன்."

"ஒப்புக்கிட்டான்," என்றது செம்பட்டை. அப்படியே கீழே பார்த்தது. "இது என்ன, கல்லுக்கு நடுவுல கல்லு மாதிரி?"

"முட்டை," என்றது தெத்தி.

"முட்டைன்னா எதுக்கு ஒளிச்சு வெக்கணும்?"

"உங்க மாதிரி ஆளுங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான்."

செம்பட்டை காதை வைத்துக் கேட்டது. முட்டைக்குள்ளே 'டொக், டொக்' என்று ஏதோ தட்டியது. செம்பட்டை எகிறிக் குதித்துப் பின்னால் போனது. "எல்லாரும் விலகுங்க. வெடிகுண்டு!"

மயிலார் வந்து தூரத்தில் நின்று பார்த்தார். "நான் அப்போதே சொன்னேன்," என்றார். அப்போது அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

நான்கு முட்டைகளையும் பஞ்சுபோன்ற நாணல் பூவில் பொத்தி, யாரும் குடியில்லாத ஆனைப்பாறையின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அதிகம் சூடேறினாலும் ஆபத்து, அதிகம் குளிர்ந்தாலும் ஆபத்து என்று மயிலார் எச்சரித்திருந்தார். அதனால் காது கிழிந்த ஒரு கிழட்டுச் செந்நாயைக் காவல் வைத்தார்கள். வெயிலில் அது முட்டைகளுக்கு நிழலாக நின்றது. குளிர் அடித்தால் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொண்டது. தன் கடமைக்காக உயிரையே விடப்போகிறோம் என்று நினைத்துத் தனக்குத்தானே அழவும் செய்தது.

நெட்டையனின் அலகைக் கோரைப்புல்லால் கட்டி மூங்கில் கூண்டில் அடைத்தார்கள். தெத்தியையும் அடைத்திருப்பார்கள். ஆனால் முடைந்திருந்தது ஒரு கூண்டுதான்.

"நீ வெளியே இருக்கலாம்," என்றது செம்பட்டை. "ஆனா ஒரு தடவை வாயைத் திறந்தே, நாலு முட்டையும் ஏரிக்குள்ள."

தெத்தி வாயை மூடிக்கொண்டது.

காடு அமைதியானது. மண்கிளறி நிம்மதியாகக் கிழங்கு தின்றது. ராஜா நிம்மதியாகக் கரையான் தின்றார். செந்நாய்கள் நாள் முழுக்கக் கரையில்தான் ரோந்து போயின. யாராவது கரையைப் பார்த்துக் கவலைப்படுகிறார்களா என்று கவனித்தன. கரையைக் கவனிக்கச் சொல்லி அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

மலையில் மழை பிடித்தது. ஏரி நிரம்பிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் தெத்தி கரையின் கீழ்ப்பக்கத்தில் விரல் பருமனுக்குத் தண்ணீர் வடிவதைப் பார்த்தது. செம்பட்டையிடம் போனது. "கரை கசியுது," என்று மெல்ல முணுமுணுத்தது.

செம்பட்டை அக்கம்பக்கம் பார்த்தது. "எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னதால விடுறேன். போ."

மறுநாள் மத்தியானம் அமைதித் திருவிழா. சட்டம் வந்ததிலிருந்து காட்டில் ஒரு கூச்சல்கூட இல்லை என்பதைக் கொண்டாட மயிலார் ஏற்பாடு செய்திருந்தார். கரைக்குக் கீழே பள்ளத்துப் புல்வெளியில் காடே கூடியிருந்தது. மேட்டில் ராஜா. பக்கத்தில் விரிந்த தோகையோடு மயிலார். எல்லாரும் பார்க்கும்படி நெட்டையனின் கூண்டை நடுவில் வைத்திருந்தார்கள். கூண்டின் மேல் தெத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிராணிகள் ராஜாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அதனால் கரை அவற்றின் முதுகுக்குப் பின்னால். கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ராஜா ஒருவர்தான்.

மயிலாரின் பேச்சுக்கு நடுவில் ராஜா பார்த்தார். கரையில் ஒரு பெரிய மண்கட்டி நழுவி விழுந்தது. அந்த இடத்தில் பனைமரப் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

"ஐயையோ, கரை உடையுது! ஓடுங்க, ஓடுங்க!" என்று அலறினார் ராஜா.

ஒருவரும் அசையவில்லை. ஓடினால் துணை. திரும்பிப் பார்த்தால் அனுதாபி. மான்கள் விறைத்துப்போய் ராஜாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. ராஜா நம் விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்த முயல்கள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

செம்பட்டை மேட்டில் ஏறி ராஜாவின் காலைக் கவ்வியது. இன்னும் நான்கு செந்நாய்கள் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டன.

"விடுடா! நான் ராஜா!"

"தெரியுது மகாராஜா. பிறர் ஓடும்படி கத்துகிறவர் யாருன்னு சட்டத்துல இருக்கு. ராஜா கத்தினா செல்லாதுன்னு அதுல இல்லையே."

"முட்டாள், பின்னால பாரு!"

"பார்த்தா நான் அனுதாபி ஆயிடுவேன்."

"மயிலாரே, நீராவது சொல்லும்."

மயிலார் கரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது," என்று ஆரம்பித்தார்.

ராஜாவின் கண் கூண்டின் மேல் போய் நின்றது. "தாயே, நீ கத்து. நீ கத்தினா ஓடுவாங்க."

"கத்தினா முட்டை ஏரிக்குள்ள," என்றது செம்பட்டை. ராஜாவின் கால் வாயில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் தெத்திக்குப் புரிந்தது.

தெத்தி ஆனைப்பாறையை நிமிர்ந்து பார்த்தது. அங்கே அதன் நான்கு முட்டைகள். கீழே பார்த்தது. பள்ளத்தில் குட்டியை அணைத்துக்கொண்டு ஒரு மான், பக்கத்தில் ஒரு முயல் குடும்பம், ஓடவே தெரியாத ஆமைகள். கூண்டுக்குள் நெட்டையன். அதன் அலகு கட்டியிருந்தது. கண் கட்டவில்லை. அந்தக் கண்ணைத் தெத்தி ஒரு தடவை பார்த்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

சட்டம் தலைக்குத்தானே தெரியும், காலுக்குத் தெரியுமா? மான் ஓடியது. முயல் ஓடியது. ஆமைகளைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு ஓடின. மண்கிளறி எல்லாருக்கும் முன்னால் ஓடியது. ராஜாவின் காலைப் பிடித்திருந்த செந்நாய்களும் ஓடின. செம்பட்டை ஆனைப்பாறையில் பாதி ஏறிய பிறகுதான், தான் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதையே கவனித்தது.

தெத்தி கூண்டை விட்டு நகரவில்லை. தண்ணீர் கூண்டைத் தொட்டபோது கரடி ராஜா அதைப் பல்லால் கவ்விக்கொண்டு ஓடினார். நல்ல மனசு என்று சொல்லலாம். இனிமேல் கத்தத் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள் என்ற முன்யோசனை என்றும் சொல்லலாம். நான் அவர் பக்கத்தில் நின்று கேட்கவில்லை.

சிறிது நேரத்தில் புல்வெளி இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. காடு முழுக்க ஆனைப்பாறையில் ஒண்டிக்கொண்டு நின்றது. மயிலாரின் தோகை நனைந்து துணிபோல் தொங்கியது. விரிக்க முடியவில்லை. அதனால் பேச்சும் வரவில்லை.

செம்பட்டை ராஜாவுக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. "மகாராஜா, சட்டப்படி இப்ப காட்டுல எல்லாருமே துணை. நானும்தான். யாரை யார் பிடிக்கிறது?"

"முதல்ல அந்தக் கூண்டைத் திற," என்றார் ராஜா. "உன் சட்டத்தைத் தண்ணியில விடு. போயிட்டு வரட்டும். வர வேண்டாம், போகட்டும்."

கூண்டு திறந்தது. அலகுக் கட்டு அவிழ்ந்ததும் நெட்டையன் கேட்ட முதல் கேள்வி, "முட்டை?"

தெத்தி பாறை உச்சியை நோக்கி ஓடியது. செம்பட்டையும் மற்ற எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். காது கிழிந்த கிழட்டுச் செந்நாய் அங்கே அசையாமல் படுத்திருந்தது. தலைவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. வயிற்றுக்கடியில் ஏதோ நெளிந்தது.

"ஐயா, நாலு குண்டும் வெடிச்சிடுச்சு," என்றது அது. "உயிர்ச்சேதம் ஒண்ணும் இல்லை. நாலு உயிர் கூடுதலாத்தான் இருக்கு. ஒண்ணு என்னை அம்மான்னு நினைக்குது. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் முளைத்தது போல நான்கு குஞ்சுகள் வெளியே வந்தன. அதில் சின்னது, சுற்றி நின்ற அத்தனை செந்நாய்களையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு தன் முதல் கத்தலைக் கத்தியது. அங்கே நின்ற காடு முழுக்க ஓரடி பின்வாங்கியது, ராஜாவும் சேர்த்து.

தண்ணீர் வடிந்ததும் மண்கிளறியின் கூட்டம்தான் கரைக்கு மண் சுமந்தது. ஒவ்வொரு கோரைச் செடியாகத் திரும்ப நட்டது. நெட்டையன் பின்னாலேயே நடந்து, "அங்க ஒண்ணு விட்டுப்போச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தது. ராஜா அந்த வருஷம் முழுக்க இலந்தைப்பழம் தின்றார்.

ஆபத்து வருகிறது என்று சொல்கிறவரையே ஆபத்தென்று அடைத்து வைக்கிற அரசின் சொந்தக் கூச்சலைக்கூட, ஆபத்து வந்து நிற்கிற நாளில் யாரும் நம்ப மாட்டார்கள்.